பிறர் உதவியின்றி

மார்ச் 4

தங்கைக்கு,

1. இதை எழுதுபவன் உன் அண்ணன், தொழிலால் வழக்கறிஞன், ஒரு கப்பல் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் பணிபுரிபவன், உனக்குக் கடலுக்கு அப்பால் வசிப்பவன்.

2. பெறுபவள், அப்பா கட்டிய மாடிக் கட்டிடத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டு, நம் அக்காவையும் உடன் வைத்துப் பார்த்துக்கொள்பவள்.

3. அப்பா இறந்த மறுவாரம், அக்காவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது நல்லது என்று நான் சொன்னதற்கு, "இனிமே இந்தப் படியை மிதிக்காதீங்க" என்று நீ சொன்னாய். இன்றுவரை மிதிக்கவில்லை. கடிதம் எழுதுவது மிதிப்பதாகாது என்பது என் தாழ்மையான கருத்து.

கட்டிடப் பிரிவு அலுவலகம் உனக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல் கிடைத்தது. உறையின் மேல் முகவரியை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. இனி விஷயம்.

மாடிப்படியில் விரிசல் விட்டு உள்கம்பி தெரிகிறது. மழைக்கு முன் இடித்துக் கட்டியாக வேண்டும். அனுமதி இல்லாமல் எந்த மேஸ்திரியும் கை வைக்க மாட்டார். அனுமதி கேட்டால், புதுப்பிப்பதற்கு முன் இக்கட்டிடத்தின் தற்போதைய பயன்பாட்டு வகை எது என்பதை நிறுவு என்கிறார்கள். அப்பா காலத்து வரைபடம் அவர்களிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. அப்படிப்பட்ட பழைய கட்டிடத்தின் வகையை, அதில் யார் உறங்குகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கொண்டுதான் முடிவு செய்வார்கள்.

ஒரு குடும்பம் மட்டும் வாழ்ந்தால் அது வீடு. தம்மைத் தாமே பார்த்துக்கொள்பவர்கள் வாடகைக்குத் தங்கினால் அது விடுதி. அடுத்தவர் பராமரிப்பில் இருப்பவர் அங்கே தங்கினால் அது பராமரிப்பு இல்லம். முதல் இரண்டுக்கும், உடைந்ததை உள்ளபடியே கட்டிக்கொள்ளலாம். மூன்றாவதற்கு இரண்டாவது மாடிப்படி, மின்தூக்கி, கூரை முழுதும் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் எல்லாம் வேண்டும். இரு பக்கமும் அடுத்தவர் சுவர் ஒட்டிய நம் கட்டிடத்தில் இரண்டாவது படிக்கு ஒரு சாண் இடமும் கிடையாது.

ஆகவே, நாம் நிறுவ வேண்டியது விடுதி என்பதை. உரிமையாளரின் சொந்தக் குடும்பத்தார் நோயுற்றிருந்து, குடும்பமே அவரைப் பார்த்துக்கொண்டால், அது கணக்கில் வராது. அக்காவால் சிக்கல் எழாது என்று கருதுகிறேன்.

தங்கியிருக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் தாம் அங்கே வாழும் விதத்தைத் தம் சொந்த வார்த்தையில் எழுதிக் கையொப்பமிடட்டும். ஒரு சொல்லும் நீ சொல்லிக்கொடுக்காதே. சொல்லிக்கொடுத்த சாட்சியம் ஒரு குறுக்குக் கேள்வி தாங்காது. ஆய்வாளர் வந்தால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

அக்கா நலமா?

அண்ணன்


மார்ச் 15

அண்ணாவுக்கு,

அக்கா நலம். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உங்கள் பட்டப்பெயரை அவள் இன்னும் மறக்கவில்லை. "காற்புள்ளி எழுதியிருக்கானா? நலமான்னு கடைசியில கேட்டிருக்கானா, முதல்ல கேட்டிருக்கானா?" என்றாள். கடைசியில் என்றேன். "அப்ப அவன்தான் எழுதியிருக்கான். வேற யாரும் இல்ல" என்றாள்.

ஆய்வாளர் நேற்று வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ஏறினார். நாடா பிடித்து அறைகளை அளந்தார். நீங்கள் சொன்னபடி வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். "தண்ணி தரட்டுமா"ன்னு கூடக் கேட்கவில்லை, அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

பெண்கள் எழுதிய தாள்களைக் கொடுத்தேன். அண்ணா, நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் என்ன அழகாக எழுதியிருக்கிறார்கள் தெரியுமா! ஒருத்தி விடாமல் எல்லோரும் அக்காவைப் பற்றித்தான். உங்களுக்குத் தெரியாதே, நீங்கள்தான் இந்தப் பக்கமே வரவில்லையே. அப்பா போன பிறகு நான் ஒருத்தியாகத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. அதைப் பார்த்து இந்தப் பெண்களே தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். அக்கா கட்டிலில் ஒரு மணி கட்டியிருக்கிறோம். கயிற்றை இழுத்தால் அன்றைய முறைக்காரி ஓடி வருவாள். நாற்காலியில் உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மாடியிலிருந்து தூக்கி இறக்குவது எல்லாம் முறைதான். அக்காவுக்குக் கொண்டாட்டம். வேண்டுமென்றே இழுத்துவிட்டு, "ஒண்ணும் இல்லடி, உன் மூஞ்சியப் பாக்கணும் போல இருந்துச்சு" என்பாள்.

ஆய்வாளர் நின்றுகொண்டே எல்லாத் தாளையும் படித்தார். இங்கே தங்கியிருக்கும் டீச்சர் எழுதியதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு இடமா" என்றார். நகல் அனுப்பியிருக்கிறேன், நீங்களும் படியுங்கள். நம் வேலை முடிந்த மாதிரிதான்.

தங்கை


மார்ச் 24

தங்கைக்கு,

தாள்களைப் படித்தேன். இரண்டு முறை.

டீச்சர் எழுதுகிறார்: "இது விடுதி மாதிரியே இல்லை. பெரியக்காவை எங்கள் கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்." நர்ஸ் எழுதுகிறார்: "பெரியக்காவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் என் பொறுப்பு." மற்றவர்களும் ஏறக்குறைய இவ்வாறே. மணி, கயிறு, முறை என்பவை ஒரு தாளிலும் விடுபடவில்லை.

இவற்றுள் ஒரு சொல்லும் பொய்யாக இருக்காது என்று நம்புகிறேன். சிக்கல் அதுதான். குடும்பம் பார்த்துக்கொண்டால் கணக்கில் வராது என்று எழுதியிருந்தேன். இங்கே குடும்பத்தார் அல்லாதவர்கள், ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டு, பணியிலுள்ள ஒரு செவிலியர் உட்பட, பராமரிக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களே பராமரிப்பவர்கள் என்பதை அவர்களே கையொப்பமிட்டுச் சொல்கிறார்கள்.

உன்னைக் குறை கூறவில்லை. சொல்லிக்கொடுக்காதே என்றவன் நான். இப்படி ஒரு முறை இருப்பதை அறியாதவனும் நான். கேட்டிருக்க வேண்டும்.

ஆய்வாளர் நல்ல மனிதர் என்கிறாய். நல்ல மனிதர்கள் எழுதும் அறிக்கைகள் முழுமையாக இருக்கும். அதுதான் என் அச்சம்.

இனி ஒன்றும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. பராமரிப்பு இல்லம். அச்சடித்து, முத்திரை குத்தி, வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் இரண்டாவது படியும் மற்றதெல்லாமும் கட்டவில்லையென்றால் மாடியைப் பூட்டிவிடுவார்களாம்.

சந்தோஷமா? அக்காவை இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றீர்களே. அக்கா எங்கேயும் போகவில்லை, நம் வீட்டையே இல்லமாக்கிவிட்டார்கள். உங்கள் ஆசையைச் சட்டமே வீடு தேடி வந்து நிறைவேற்றிவிட்டது.

அலுவலகத்துக்குப் போய் ஆய்வாளரைப் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நான் உங்களுக்கு நல்லதுதான் பண்ணணும்னு நெனச்சேன். அந்தத் தாளையெல்லாம் நீங்க குடுக்காம இருந்திருந்தா நான் எதை எழுதியிருப்பேன்?" என்றார். முறையை நிறுத்திவிடுகிறோம் என்றேன். "நிறுத்தினா அவங்கள யாரு தூக்குவா?" என்றார்.

கீழே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொன்னாள். கீழே பெயிண்ட் கடை. பெயிண்டும் தின்னரும் அடுக்கிய தளத்தில் யாரும் படுக்கக் கூடாதாம். அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

விரிசல் அடியிலிருந்து மூன்றாம் படிக்கு வந்துவிட்டது. ஓரத்தில் காலை வைத்து இறங்குகிறோம். அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்க எல்லோருக்கும் பயம். அவள் கீழே வந்து மூன்று வாரம் ஆகிறது.

படியை மிதிக்காதீர்கள் என்று நான்தான் சொன்னேன். நானே சொல்கிறேன், வாருங்கள். கோபத்தில் சொன்னதையெல்லாம் சட்டப் புத்தகம் மாதிரி பிடித்துக்கொண்டிருப்பீர்களா?

தங்கை


ஏப்ரல் 14

தங்கைக்கு,

வர இயலாது. காரணம் இவ்விஷயத்துக்குத் தொடர்பற்றது. வர மனமில்லாமல் எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். அப்படியன்று என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இப்போது கவனமாகப் படி. உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்தால் மழை முடிந்த பிறகே விசாரிப்பார்கள். ஆனால் அதே விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. பராமரிப்பில் இருப்பவரே ஆனாலும், ஆபத்து வேளையில் பிறர் உதவியின்றித் தாமாகவே தெருவுக்கு வந்துவிட முடியும் என்று ஆய்வாளர் முன்னிலையில் காட்டினால், கட்டிடம் விடுதியாகவே கருதப்படும். நடந்து வர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நேரக் கெடுவும் இல்லை.

அக்காவுக்குக் கால்கள்தாம் இயங்காது. தோள்கள் உண்டு. சிறு வயதில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை அவள் ஒரு கையால் தூக்கியது நினைவிருக்கிறது. கட்டிலிலிருந்து தரைக்கு, தரையில் தவழ்ந்து படிக்கு, படியில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கீழே. கேட்பதற்கே எனக்குக் கூசுகிறது. வேறு வழி தெரியவில்லை. அவளிடம் கேள். மாட்டேன் என்றால் அத்துடன் விட்டுவிடு.

இந்தச் சோதனை ஓராண்டில் ஒரு முறைதான். அந்த வேளையில் யாரும் அவளைத் தொடக் கூடாது. விரல் பட்டாலும் அது உதவி. பெண்களை மொட்டை மாடிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடு. மணிக் கயிற்றை அவிழ்த்துவிடு.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணாவுக்கு,

அக்காவிடம் கேட்டேன். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "இத்தன வருஷமா எல்லாரும் தூக்கித் தூக்கி எறக்குனீங்களே, ஒருத்திக்காவது என்னைய கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள். மறுநாளே பழக ஆரம்பித்துவிட்டாள். அறைக்குள் ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி. உள்ளங்கை தோல் உரிந்து நர்ஸ் கட்டுப் போட்டாள். "இதையும் தாள்ல எழுதிக் குடுத்துடாதடி" என்றாள் அக்கா.

சோதனை நேற்று. ஆய்வாளர் தெருவில் வாசலுக்கு நேராக நின்றார். பெண்கள் மொட்டை மாடியில். நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். நான் அடிப்படி அருகே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா வந்தாள் அண்ணா. கதவைத் தாண்டித் தவழ்ந்து வந்து, படி ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சு விட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு படி. இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் வைக்கிறாள். காலைக் கையால் எடுத்து முன்னால் போடுகிறாள். அடுத்த படி. திருப்பத்தில் நின்று, "சார், தெருவுல வண்டி வருதான்னு பாத்துக்கோங்க, நான் வேகமா வந்துடப் போறேன்" என்றாள். ஆய்வாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் படிக்கு வந்தவள் நின்றாள். விரிசல் இருக்கும் படி. கையை எங்கே ஊன்றுவது என்று தடவிப் பார்க்கத்தான் ஒரு பக்கம் சாய்ந்தாள். பார்க்கத்தான் சாய்ந்தாள் அண்ணா, அது இப்போது தெரிகிறது. அப்போது விழுகிறாள் என்று தோன்றியது. என் கை போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அது போய்விட்டது. அவள் தோளைப் பிடித்துவிட்டேன்.

அக்கா என் கையைப் பார்த்தாள். "ஏண்டி தொட்ட?" என்றாள். திட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

ஆய்வாளர் காகிதத்தை எடுத்தார். நான் காலில் விழாத குறை. "என் கண்ணு முன்னாடி நடந்துச்சும்மா. நான் எப்படி மாத்தி எழுதுவேன்?" என்றார். 'உதவியுடன்' என்று எழுதிவிட்டுப் போனார். மீதி இரண்டு படியை அக்கா இறங்கவேயில்லை. பெண்கள் வந்து மேலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

என்னைத் திட்டி எழுதுங்கள். திட்டாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தங்கை


மே 9

தங்கைக்கு,

திட்ட மாட்டேன். நீ தொடாமல் நின்றிருந்தால், நான் எழுதியதைப் பின்பற்றியவள் என்று உன்னை மெச்சியிருப்பேன், அவ்வளவே. தொட்டாய் என்பதைப் படித்தபோது, அக்காவை உன்னிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று அன்று சொன்னவன் எத்தகைய மூடன் என்று தோன்றியது. இதை எந்த நிபந்தனையுமின்றி எழுதுகிறேன்.

வர இயலாத காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் குளியலறையில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டேன். தகடு வைத்திருக்கிறார்கள். நான் இருப்பது நான்காம் மாடி. மின்தூக்கி பழுதாகி நாளாகிறது. அன்றிலிருந்து தெருவைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார். நான் தனியாக வசிப்பதால் இது வீடு என்ற வகையில் வருகிறது. நான் இறங்குவேனா என்று எந்த ஆய்வாளரும் கேட்டு வரமாட்டார். உன்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியிருக்கும். ஆகையால் சொல்லவில்லை.

எஞ்சியிருப்பவை இரண்டு. தங்கியிருக்கும் பெண்கள் அனைவரும் காலி செய்தால், நீயும் அக்காவும் மட்டும் வாழும் இடம் வீடு ஆகிவிடும், படியைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் தூக்க ஆள் இருக்காது, வாடகையும் இருக்காது. அல்லது, அக்கா அங்கே வசிக்கவில்லை என்று நீ எழுதிக் கொடுத்தால், விடுதி ஆகிவிடும். பெண்களும் அக்காவும் சேர்ந்து இருக்க வழியில்லை. எல்லா விதிகளையும் படித்துவிட்டேன்.

எதைச் செய் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு முறை சொல்லிப் பார்த்தவன்.

அண்ணன்


மே 20

அண்ணாவுக்கு,

கதவுக்கு வெளியே சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறாராம். அதை இத்தனை மாதம் மறைத்து வைத்து, தொடர்பற்ற காரணமாம். உங்களை என்ன செய்தால் தகும்? அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் முறையாக அழுதாள். பிறகு, "அவனுக்கும் ஒரு மணி கட்டி அனுப்புடி" என்றாள்.

நான் பெண்களைக் காலி செய்யச் சொல்வதாகத்தான் இருந்தேன். டீச்சரிடம் சொல்லவும் போனேன். அக்கா மணியை இழுத்தாள். எல்லோரும் ஓடினோம். "எல்லாம் வந்தாச்சா? நான் போறேன். இவளுங்க போனா உன் இடுப்புக்கு யாரு முறை வைப்பா? நீயும் படுத்துக்கிட்டா அப்புறம் இது நெஜமாவே இல்லம்தான்" என்றாள். நர்ஸ் வேலை பார்க்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் இல்லம் இருக்கிறது. தரைத்தளம். அக்காவே நர்ஸிடம் சொல்லியனுப்பி ஆய்வாளரிடம் கேட்டு, அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல இடம்தான் என்று சொன்னாராம். எனக்குத் தெரியாமல் இவ்வளவும்.

"ஒரு வருஷம்தானே. மறுபடி வந்து எறங்கிக் காட்டறேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "எறங்கறதுக்கு முன்னாடி மேல ஏத்திவிட ஆள் வேணுமே, அதுக்கு என்ன விதின்னு காற்புள்ளிகிட்ட கேளு" என்றாள். கேட்கச் சொன்னதால் கேட்கிறேன்.

நான் எழுதிக் கொடுக்க வேண்டியதை நீங்களே எழுதி அனுப்புங்கள். அக்கா வசிக்கவில்லை என்று என் பேனாவில் வராது. இரண்டு சாட்சி வேண்டுமாம். டீச்சர் ஒன்று. இன்னொன்று அக்காவே போடுகிறாளாம். "நான் அங்க இல்லங்கறதுக்கு என்னைவிட நல்ல சாட்சி யாரு?" என்கிறாள். சட்டத்தில் இடம் உண்டா?

தங்கை


மே 30

தங்கைக்கு,

தடை ஏதும் இல்லை. தேடிப் பார்த்தேன், இருக்கக் கூடாதா என்றுகூடத் தேடினேன். ஏற்றிவிடுவதைப் பற்றி எந்த விதியும் பேசவில்லை என்று அக்காவிடம் சொல்.

வரைவு இத்துடன். நான்காம் பத்தி காலியாக இருக்கிறது. அக்கா எந்நாள், எவ்வாறு வெளியேறினாள் என்பதை நடந்தபடி நீயே நிரப்பு. நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.

அண்ணன்


ஜூன் 11

உறுதிமொழிக் கூற்று

1. இதைச் சொல்பவள், கீழ்த்தளத்தில் பெயிண்ட் கடையும் மேலே அறைகளும் உள்ள மேற்படி கட்டிடத்தின் உரிமையாளர்களுள் இளையவள், அதில் வசிப்பவள்.

2. இக்கட்டிடத்தில் வாடகைக்குத் தங்கியிருப்போர் அனைவரும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்பவர்கள்.

3. பிறர் உதவியின்றி வெளியேற இயலாதவர் எவரும் இக்கட்டிடத்தில் இன்று வசிக்கவில்லை.

4. முன்பு வசித்த ஒருவர், ஜூன் எட்டாம் நாள் காலை, கட்டிலிலிருந்து தாமே இறங்கி, படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக இறங்கி, விரிசல் விட்ட மூன்றாம் படியில் கை ஊன்ற இடம் பார்த்து, அதையும் தாண்டி, தெரு வரைக்கும் போனார். எல்லோரும் அங்கேதான் நின்றோம். யாரும் தொடவில்லை. நான் தொடவில்லை. ஆய்வாளர் அன்று வரவில்லை. வரத் தேவையும் இல்லை.

5. மேற்கண்டவை யாவும் உண்மை. எவரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னவையல்ல.

ஒப்பம்: தங்கை

சாட்சிகள்:

1. டீச்சர், மேற்படி கட்டிடத்தில் வசிப்பவர்

2. அக்கா, மேற்படி கட்டிடத்தில் வசிக்காதவர்